காதுக்குள் வந்த அக்கி

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆரோக்கிய சம்பந்தமாக அரை மணி நேரம் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய சர்க்காரில் கோப்புகளுக்கு நடுவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தில் எனக்குள்ள ஒரே யோக்யதை, நானே நோயாளியாக இருந்ததுதான். பேச்சை ஆரம்பிக்கும் முன் ஒரு வேண்டுகோள். என் வலது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டு நான் திரும்பவில்லை என்றால், கிழவருக்கு கர்வம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காது போய்விட்டது. அது போன கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

2018 மே மாதம். தில்லியில் எங்கள் பேரனுக்கு உபநயனம், ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை எனக்கு வலது காதில் வலி ஆரம்பித்தது. சாதாரணக் காதுவலி மாதிரி இல்லை. உள்ளே யாரோ சூடான கம்பியை வைத்து எடுக்கிற மாதிரி விட்டுவிட்டுக் குத்தியது. வீட்டில் நூறு வேலை. சமையல்காரர், வாத்யார், மண்டபம், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் நிலையத்தில் ஆள் அனுப்புவது. இந்த நேரத்தில் காதுவலி என்று சொன்னால் எல்லோர் கவனமும் திரும்பும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரவு தாங்கமுடியாமல் ஆத்துக்காரியிடம் சொன்னேன். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விட்டாள். மறுநாள் மருந்துக்கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். காதுக்குள் எதையும் ஊற்றக்கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை காது மடலின் குழியில் நாலைந்து சிறு கொப்புளங்கள். எண்ணெய்ச் சூடு பட்டது என்று நினைத்தேன். அன்று மாலை வந்து இறங்கிய சம்பந்தி மாமி ஒருத்திதான் உற்றுப் பார்த்தார். "மாமா, இது அக்கி மாதிரின்னா இருக்கு. குயவர்கிட்ட எழுதிண்டா சரியாயிடும்" என்றார். தில்லியில் உத்தம் நகரில் குயவர் குடியிருப்பு இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு அக்கி எழுதத் தெரியுமோ என்று நான் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்து ஆசமனம் செய்தபோது, உறிஞ்சிய ஜலம் வலது கடைவாய் வழியாக வழிந்து வேஷ்டியில் விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அசதி என்று விட்டுவிட்டேன். மறுநாள் மண்டபத்தில் நாதஸ்வரம் வலது காதைப் பிளக்கிற மாதிரி கேட்டது. பிரம்மோபதேசம் முடிந்து பட்டை விலக்கினதும் என் மனைவி என்னைப் பார்த்தாள். "ஏன்னா, உங்க மூஞ்சி கோணிண்டிருக்கே" என்றாள். வலது கண் மூடவில்லை, சிரித்தால் வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம் என்று சபையே கலங்கிப்போயிற்று. பாதிப் பந்தியில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிதான். உடனே தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்றார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, பக்கவாதம் இல்லை, முகநரம்பு லேசாகப் பலவீனப்பட்டிருக்கிறது, தானே சரியாகும் என்று வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து மறுநாள் அனுப்பிவிட்டார்கள். மூளைக்குள்ளே வரை படம் எடுத்தவர்கள், வெளியே இருக்கிற காதைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. காதுவலி, கொப்புளம் இரண்டையும் பற்றி நானும் அவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. முகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கள் இரவு அறை சுழல ஆரம்பித்தது. தலைசுற்றல் என்றால் நமக்கு லேசாகக் கண்ணைக் கட்டுவதுதான் ஞாபகம் வரும். இது அப்படியல்ல. மேலே மின்விசிறி நிற்கிறது, அறை சுற்றுகிறது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வாந்தி. கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். காதில் இடைவிடாமல் 'ஙொய்' என்ற இரைச்சல். புதன்கிழமை என் பையன் வலுக்கட்டாயமாக ஒரு காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அழைத்துப் போனான். சின்ன வயசுப் பெண். உட்கார்ந்ததும் காது மடலைப் பிடித்து விளக்கைக் காட்டிப் பார்த்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இத்தனை நாளாக யாருமே இந்தக் காதைப் பார்க்கவில்லையா, அங்கிள்?" என்று ஹிந்தியில் கேட்டாள். அக்கியேதான். ஐந்து பேர் பார்த்ததில் நோயைச் சரியாகச் சொன்னவர் சம்பந்தி மாமி ஒருத்திதான்.

இந்த நோய்க்கு ராம்சே ஹன்ட் சிண்ட்ரோம் என்று பெயர். ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டர் 1907-இல் இதை விவரித்தார். 2022 ஜூனில் ஜஸ்டின் பீபர் என்ற பாடகருக்கு வந்து பாதி முகம் அசையாமல் போனபோதுதான் இந்தப் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. "தாத்தா, உன் வியாதி இவனுக்கும் வந்திருக்கு" என்று பேரன் கைபேசியைக் காட்டினான். அவருக்கு அப்போது 28 வயசு. ஆகையால் இது கிழவர்களின் ஏகபோகம் அல்ல, ஆனால் வயசானவர்களிடம்தான் ஜாஸ்தி.

சின்ன வயதில் நமக்கெல்லாம் சின்னம்மை வந்திருக்கும். வேப்பிலை போட்டுப் படுக்கவைத்து, மூன்று ஜலம் விட்டு, அம்மன் இறங்கிவிட்டாள் என்பார்கள். அம்மை இறங்குகிறதே தவிர, அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்புகளின் வேர்முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஐம்பது, அறுபது வருஷம் கழித்து நம் எதிர்ப்புச் சக்தி குறைகிற சமயம் பார்த்து எழுந்து, அந்த ஒரு நரம்பு வழியாகவே வெளியே வருகிறது. அதுதான் அக்கி. இதை ஊகித்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற இங்கிலீஷ் கிராமத்து டாக்டர். பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றும் இல்லாமல், வருஷக்கணக்காகத் தன்னிடம் வந்த நோயாளிகளைக் குறித்துவைத்து 1965-இல் எழுதினார். நரம்பு உடம்பைச் சுற்றி ஒரு பக்கமாக ஓடுவதால் கொப்புளமும் ஒரு பக்கமாகப் பட்டையாக வரும். ஜோஸ்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கே இடுப்புப் பட்டை என்றுதான் அர்த்தம். என் பக்கத்து வீட்டு ஹிந்திக்காரர் இதை 'ஜனேவு' என்கிறார். பூணூல்! பேரன் பூணூல் போட்டுக்கொண்ட அன்று தாத்தாவுக்கு வந்த பூணூல் இது என்று பிறகு வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

மார்பில் வந்தால் வலியோடு போகும். முகநரம்பின் முடிச்சில் வந்தால் ஏன் இத்தனை சேதம்? மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. ஏழாவது நரம்பு முகத்தை அசைக்கிறது. எட்டாவது, காது கேட்பதையும் உடம்பு நிதானமாக நிற்பதையும் கவனிக்கிறது. இரண்டும் மூளையை விட்டு வெளியே வரும்போது ஒரே எலும்புக் குழாய்க்குள் ஒன்றாக வருகின்றன. அதற்கப்புறம் முகநரம்பு தனியாக ஓர் எலும்புச் சுரங்கத்துக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் தூரம் போகிறது. மிகக் குறுகலான இடத்தில் அந்தச் சுரங்கத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலில் வீக்கம் வந்தால் வெளியே புடைக்கும். எலும்புக்குள் வீங்கினால் எங்கே போவது? நரம்பு தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. அழற்சி பக்கத்து நரம்புக்கும் பரவினால் கேள்வியும் நிதானமும் சேர்ந்து போகின்றன. நாக்கின் முன்பக்க ருசியும் இந்த முகநரம்பு வழியாகத்தான் வருகிறது. எனக்கு இரண்டு மாதம் வத்தக்குழம்பு ஒரு பக்கத்தில் வத்தக்குழம்பாகவும் மறுபக்கத்தில் தகரமாகவும் இருந்தது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். 1997-இல் ஜப்பானிய டாக்டர்கள் இந்த நோய் வந்த 80 பேரின் விவரத்தைப் பார்த்து வெளியிட்டார்கள். முகம் கோணிய மூன்று நாளுக்குள் வைரஸ் மருந்தும் ஸ்டீராய்டும் ஆரம்பிக்கப்பட்டவர்களில் 75 சதவீதம் பேருக்கு முகம் முழுசாகத் திரும்பியது. நாலு முதல் ஏழு நாளுக்குள் ஆரம்பித்தவர்களில் 48 சதவீதம். அதற்கும் மேல் தாமதமானவர்களில் 30 சதவீதம். மருந்து ஒன்றுதான், நாள்தான் வித்தியாசம். எனக்கு சனிக்கிழமை ஜலம் வழிந்தது, மருந்து ஆரம்பித்தது புதன்கிழமை. எண்ணிக்கொள்ளுங்கள். சனிக்கிழமையே போயிருந்தால் காது பிழைத்திருக்குமா என்று அந்த டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். "சொல்லமுடியாது, ஆனால் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும்" என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அந்த வைரஸ் மருந்து அசைக்ளோவிர் இனத்தைச் சேர்ந்தது. இதை உருவாக்கிய குழுவை நடத்திய ஜெர்ட்ரூட் எலியன் என்ற அம்மாள் முறையாகப் படித்து டாக்டர் பட்டம் வாங்காதவர். எம்.எஸ்ஸி.யோடு வேலைக்குப் போய் 1988-இல் நோபல் பரிசு வாங்கினார். ஸ்டீராய்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். நம்மில் சர்க்கரை இல்லாதவர்கள் யார்? தினம் பார்த்துக்கொண்டே சாப்பிடவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வைரஸ் மருந்தின் அளவும் மாறும். ஆகையால் இதெல்லாம் டாக்டர் கொடுக்கவேண்டியது. மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற சமாசாரம் அல்ல.

பக்கவாதமா, முகநரம்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொதுவாக, பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும், கண் மூடும். முகநரம்பு கெட்டால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. ஆனால் இந்தச் சோதனையை வீட்டில் செய்துகொண்டு முடிவுக்கு வரவேண்டாம். முகம் கோணினால் மணியைப் பார்த்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். பக்கவாதம் இல்லை என்று சொன்னபிறகு, "காதைப் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். காதுவலி இருந்ததா, மடலிலோ வாய்க்குள் அண்ணத்திலோ கொப்புளம் இருந்ததா என்று சொல்லுங்கள். சிலருக்குக் கொப்புளம் முகம் கோணினபிறகு வரும், சிலருக்கு வராமலே போகும் என்பது இதில் ஒரு சங்கடம்.

இன்னொன்று. அந்தக் கொப்புளத்து நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்கு சின்னம்மை வரும். கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்டே விடக்கூடாது. அன்று மண்டபத்தில் என்னை நமஸ்காரம் பண்ணியவர்களில் ஏழு மாதக் கர்ப்பிணியான என் தம்பி மருமகளும் உண்டு. நல்லவேளை, அவளுக்குச் சின்ன வயசிலேயே அம்மை வந்திருந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற வரை எனக்குத் தூக்கம் இல்லை. அக்கி எழுதுகிறதைப் பற்றியும் கேட்பீர்கள். குழைத்த காவி எரிச்சலுக்குக் குளுமையாக இருக்கலாம். எலும்புக்குள் இருக்கிற நரம்புக்கு அது போய்ச் சேராது.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகலாம். தில்லி மே மாதப் புழுதிக் காற்றை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பகலில் மணிக்கு ஒரு தடவை கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டிவிடுவது. இதை மூன்று மாதம் என் மனைவி செய்தாள். முகம் எனக்கு முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஒரு வேடிக்கை மட்டும் மிச்சம். சாப்பிட உட்கார்ந்தால் வலது கண்ணில் ஜலம் கொட்டும். நரம்பு மறுபடி வளரும்போது உமிழ்நீருக்குப் போகவேண்டிய இழை வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டதாம். டாக்டர்களே இதற்கு முதலைக் கண்ணீர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதுசாக வந்த விருந்தாளிகள், ரசத்தில் காரம் ஜாஸ்தியோ என்று கேட்பார்கள்.

நிதானம்தான் என்னை அதிகம் படுத்தியது. நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று சாட்சிகள் உண்டு: கண், உள்காது, பாதத்தின் ஸ்பரிசம். ஒன்று போனால் மற்ற இரண்டை வைத்து மூளை சமாளிக்கும். எனக்கு ஒரு பக்க உள்காது போயிற்று. விடியற்காலை இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு காயத்ரி ஜபத்துக்கு நின்றால் கண்ணும் போயிற்று. உடம்பு வலது பக்கம் சாயும். ராம்பெர்க் என்ற ஜெர்மன் டாக்டர் பெயரில் இதே மாதிரி ஒரு சோதனையே இருக்கிறது, காலைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்வார்கள். நம்மவர்கள் அதை தினமும் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் பூஜை முடிந்து ஆத்ம பிரதக்ஷிணம் செய்யப்போய் அலமாரியில் மோதி நெற்றியில் நாலு தையல்.

அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1940-களில் இங்கிலாந்தில் கேவ்தார்ன், குக்ஸி என்ற இருவர் ஏற்படுத்திய முறை. முதலில் படுத்தபடி கண்ணை மட்டும் மேலும் கீழும் அசைப்பது, பிறகு தலையை, பிறகு உட்கார்ந்து குனிந்து நிமிர்வது, கடைசியில் நடந்துகொண்டே தலையைத் திருப்புவது. செய்தால் தலை சுற்றும். சுற்றினால்தான் மூளை புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளும். இது புரியாமல் முதல் ஒரு மாதம் நான் அசையாமல் படுத்து, தலைசுற்றல் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரை முதல் சில நாளைக்குத்தான் பிரயோஜனம். நீட்டிக்கொண்டே போனால் மூளை கற்றுக்கொள்வதைத் தடுக்கும். பயிற்சி ஆரம்பித்து ஐந்தாவது மாதம் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் படிகளைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். இறங்கும்போது தொட்டேன், பொய் சொல்லக்கூடாது. இன்றைக்கும் ராத்திரி விளக்கு இல்லாமல் பாத்ரூமுக்குப் போவதில்லை. எண்ணெய் தேய்த்துக் கொண்டு கண்ணை மூடிச் சீயக்காய் அலசும்போது முக்காலியில் உட்கார்ந்துதான்.

காதுக்கு வருகிறேன். கேள்விச் சோதனையில் டாக்டர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தாள். கல்லூரிப் பௌதிக ஆய்வகத்தில் சோனாமீட்டர் மேல் வைத்த அதே 512. நடுவில் வைத்த ஒலி எனக்கு முழுசும் இடது காதில் கேட்டது. அந்த க்ஷணமே, அவள் சொல்லும் முன்னாலேயே, எனக்குப் புரிந்துவிட்டது. நரம்பு போயிற்று. வலது காது என்றால் நமக்கு விசேஷம். உபதேசம் வாங்கிக்கொண்ட காது, ஜலம் கிடைக்காத இடத்தில் ஆசமனத்துக்குப் பதிலாகத் தொடுகிற காது. இப்போதும் தொடுகிறேன். விரல் பட்ட சத்தம் கேட்பதில்லை.

ஒரு காது இருக்கிறதே, போதாதா என்பார்கள். இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேர்வதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவான வித்தியாசம்தான் உண்டு. அதைக் கணக்கிட்டுத்தான் சத்தம் எந்தத் திசை என்று மூளை சொல்கிறது. எனக்குத் திசை போய்விட்டது. குக்கர் விசில் எங்கள் வீட்டிலா, பக்கத்து வீட்டிலா என்று தெரியாது. ரோடில் வலது பக்கம் வருகிற ஸ்கூட்டர் மோதுகிற தூரத்துக்கு வந்தபிறகுதான் தெரியும். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் ஒன்றாகப் பேசினால் எல்லாம் ஒரே இரைச்சல். பாதிக்குத் தலையாட்டிவிட்டு வருகிறேன். கேளாத பக்கத்தில் ஒலிவாங்கியை வைத்து நல்ல காதுக்கு அனுப்பும் கருவி ஒன்று இருக்கிறது. ஓரளவு உதவுகிறது. கச்சேரிக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கைதட்டல் இடி மாதிரி விழும்.

கடைசியாக, தடுப்பூசி. எனக்கு வந்தபோது இந்தப் புதுத் தடுப்பூசி இந்தியாவில் கிடைக்கவில்லை. 2023-இல் வந்துவிட்டது. பெயர் ஷிங்ரிக்ஸ். 50 வயசு ஆனவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 70 வயசு தாண்டியவர்களிடம் நடத்திய சோதனையில் அக்கி வருவது சுமார் 90 சதவீதம் குறைந்ததாக 2016-இல் வெளியிட்டார்கள். விலை ஜாஸ்திதான். போட்ட அன்று கை வலிக்கும், ஜுரம் அடிக்கும். ஏற்கெனவே அக்கி வந்தவர்களும், அது ஆறினபிறகு போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். நானும் மனைவியும் போட்டுக்கொண்டோம். சம்பந்தி மாமிக்கு மறுபேச்சு இல்லாமல் நானே பணம் கட்டினேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மேடைக்கு இடது பக்கமாக வந்து, ஒவ்வொருவராக.